எங்கள் அம்மாவின் முகம் யாரிடம் இருக்கிறது?

பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் அம்மா வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத் தலைவருக்கும், செயலாளருக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் 17-ம் தேதி காலை 6:50-க்கு அம்மா உங்கள் பின் கேட்டுக்கு வந்தார். உள்ளே போனது 7:35-க்கு. முந்தைய நாள் சாயங்காலம் அவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. லீவு போட்டால் மூன்று வீட்டிலும் பாத்திரம் அப்படியே கிடக்குமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தவரை, நீங்கள் புதிதாக மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் மெஷின் யாரென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. மூன்று தடவை சிவப்பு விளக்கு. மூன்று தடவை தவறினால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டுமாம். காத்திருந்தார். மறுபடியும் மூன்று தடவை சிவப்பு.

கேட்டில் இருந்த செக்யூரிட்டித் தம்பிக்கு அம்மாவை நான்கு வருடமாகத் தெரியும். அசாம்காரர், 'தீதி' என்றுதான் கூப்பிடுவார். அவர் மனது வைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. வீட்டுக்காரர் யாராவது கேட்டுக்கான ஆப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் விட்டால் அவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அம்மாவின் கழுத்தில் உங்கள் சங்கமே கொடுத்த, படம் ஒட்டி லேமினேட் செய்த அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தைப் பதிந்தவர்களை அட்டையைப் பார்த்து உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு. மூன்று வீட்டில் ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டு மேடம் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தபோது மணி 7:35.

அன்று ராத்திரி நான் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலியைப் பற்றி அம்மா பேசவே இல்லை. "பதினோரு வருஷமா போற கேட்டுடி. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசியில் ஒரு வீட்டில் 150 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். ஆப்பில் 'தாமதம்' என்று பதிவாகியிருந்ததாம்.

இதைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் இரண்டு கடிதம் கொடுத்தேன். இரண்டையும் ஆங்கிலத்தில் டைப் செய்துதான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டேன், போடவில்லை. பதிலும் வரவில்லை. அதற்குள் போன வாரம் கேட்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டீர்கள். வரும் 1-ம் தேதியிலிருந்து அட்டை செல்லாது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள், தோட்ட வேலைக்காரர்கள் எல்லோரும் முகத்தைப் பதிந்தே ஆக வேண்டும். பழைய அட்டைகளை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதைப் படித்த பிறகுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பதில் அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிற மொழியில் இருக்கட்டும். உங்கள் குழுவில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியும், மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லலாம். குடியிருப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அம்மாவின் மூன்று வீட்டுக்கும் ஆபத்து. இது உங்களுக்குத்தான் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நான் ஈஜிபுராவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். ஆன்லைன் சென்டரும் அதுதான். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பி.எஃப்., ஸ்காலர்ஷிப் என்று ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேரின் காகிதம் என் கை வழியாகப் போகிறது. சில வருடங்களுக்கு முன்னால் தெரு முனையில் வாங்கின கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒரு பாட்டியின் ஆதார் ஜெராக்ஸ். படம், பிறந்த தேதி, எண், முகவரி எல்லாம் அப்படியே இருந்தது. எங்கள் கடையிலிருந்து போனதா, வேறு கடையிலிருந்து போனதா தெரியாது. அன்றிலிருந்து எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். தப்பாக விழுந்த பிரதியை வாடிக்கையாளர் முன்னாலேயே நாலாகக் கிழிக்க வேண்டும். ஸ்கேன் செய்த ஃபைலை அவர் எழுந்து போவதற்குள் அழிக்க வேண்டும். திரையைத் திருப்பிக் காட்ட வேண்டும், "அழிச்சாச்சு, பாருங்க" என்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் இதைச் செய்ய முடிகிறது. அறுநூறு வீடுகள் உள்ள உங்கள் சங்கத்திலும் முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அம்மா சேர்ந்த புதிதில் கேட்டில் ஒரு நீளமான ரெஜிஸ்டர் இருந்தது. பெயர், வீட்டு எண், வந்த நேரம், கையெழுத்து. அப்புறம் இந்த அட்டை வந்தது. அப்புறம் ஆப் வந்து ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் கேட்டில் இருபது பெண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் கையில் டேப்லெட். "நேரா பார், இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, சரி, அடுத்த ஆள்." இதுதான் முகப் பதிவு. எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "சொசைட்டி சொன்னது" என்று பதில். அம்மாவுக்குப் பின்னால் என் சித்தியும், சித்தி மகளும் நின்றிருந்தார்கள். சித்தி மகளுக்குப் பதின்மூன்று வயது. ஸ்கூல் லீவு, வீட்டில் தனியாக விட மனமில்லாமல் சித்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் முகத்தையும் எடுத்துவிட்டார்கள். அவள் அந்த ஒரு நாள்தான் வந்தாள். அவள் முகம் இன்னும் உங்களிடம் இருக்கிறது.

அம்மா தினமும் ஈஜிபுராவிலிருந்து பி.எம்.டி.சி. பஸ்ஸில் வருகிறார். 2017-ல் வேலை தொடங்கி வருடக்கணக்காகத் தூணாகவே நின்ற மேம்பாலத்தின் கீழேதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குப் பஸ் இலவசம். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் அம்மா பர்ஸிலிருந்து ஆதாரை எடுத்துக் காட்டுவார். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்து, ஜீரோ டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். இந்த அம்மா யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துகொண்டார், அதோடு முடிந்தது. கார்டு பர்ஸுக்குத் திரும்பிவிட்டது. பார்ப்பது வேறு, எடுத்து வைத்துக்கொள்வது வேறு. அட்டை இருந்தவரை உங்கள் கேட்டிலும் முதல் வகைதான் நடந்தது. இப்போது இரண்டாவது வகை நடக்கிறது.

எடுத்து வைத்துக்கொண்டதை என்ன செய்கிறீர்கள் என்பதில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். அம்மா சமைக்கும் வீட்டு ஆன்ட்டி நல்ல மனுஷி. நான் கேட்டதால் அவர் போனில் ஆப்பைத் திறந்து காட்டினார். சமையல், பாத்திரம், குழந்தை பார்த்துக்கொள்வது, கார் துடைப்பது என்று வகை வகையாகப் பிரித்து ஆட்களின் படம். அம்மாவின் படமும் இருந்தது. கேட்டில் எடுத்தது. வேகமாக நடந்து வந்த வேர்வை நெற்றியில் தெரிகிறது, முந்தானையைச் சரி செய்வதற்குள் எடுத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஐந்தில் 2.8 நட்சத்திரம். அதற்குக் கீழே அம்மா வேலை செய்யும் மூன்று வீட்டின் எண்கள், இந்த மாதம் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார். அதற்கும் கீழே அம்மாவின் போன் நம்பர். அறுநூறு வீட்டிலும் இது தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவர் வைத்திருப்பது பட்டன் போன், இந்த ஆப் அதில் வராது.

2.8 யார் போட்டது? ஆன்ட்டி தேடிப் பார்த்துச் சொன்னார். மொத்தம் ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் 1 போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா வேலையை விட்ட வீடு அது. பத்து நாள் சம்பளம் இன்னும் பாக்கி. அவர்கள் சொன்னது அறுநூறு போனில் இருக்கிறது, அம்மா பக்கத்து நியாயத்தை எழுத ஓர் இடமும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொன்னேன். "இருபது வருஷமா அடுத்தவங்க வீட்டுச் சாவியை வச்சிருக்கேன்" என்றார். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தார்.

போன் நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ராத்திரி, பத்தரை மணிக்கு மேல், ஒரே ஆள் அம்மாவைக் கூப்பிட்டான். குடியிருப்பின் பெயரைச் சொல்லி, "வேலைக்கு வருகிறாயா" என்று தொடங்கி, அதற்கு மேல் பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன். நான்காவது நாள் நான் எடுத்துப் பேசியதும் வைத்துவிட்டான். செக்யூரிட்டி அலுவலகத்தில் புகார் சொன்னபோது, நம்பர் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கிறது, யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். அம்மா எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது. அம்மாவின் நம்பரை யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. பிப்ரவரியில் இன்னொரு குடியிருப்பில் வேலை கேட்டு அம்மா போனார். உங்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நடுவில் மூன்று கிலோமீட்டர். அங்கே கேட்டில் போன் நம்பரைச் சொன்னதும் திரையில் அம்மாவின் படம் வந்துவிட்டது. இங்கே எடுத்த அதே படம். அப்படியானால் அது உங்கள் சங்கத்தில் இல்லை, ஆப் நடத்தும் நிறுவனத்தில் இருக்கிறது. இப்போது எடுத்திருக்கும் முகப் பதிவும் அங்கேதான் போகிறதா? உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீங்கள் சொல்லும் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. போன வருடம் உங்கள் வளாகத்தில் இரண்டு திருட்டு நடந்தது. வீட்டில் வயதானவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயம் இருக்கும். கேட்டில் கேமரா வேண்டாம் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அட்டையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார். போகும்போது பையைத் திறக்கச் சொல்கிறார்கள், அது பிடிக்காவிட்டாலும் திறந்து காட்டுகிறார். ஆனால் உங்கள் அறிவிப்புப் பலகையிலேயே இருந்தது, காணாமல் போன சைக்கிள்கள் கேமரா இருந்த பேஸ்மென்ட்டிலிருந்துதான் போயின. அதற்காகச் சமையல் செய்ய வருகிற பெண்ணின் முகத்தை அளந்து வைப்பது எப்படித் தீர்வாகும் என்று யாரும் விளக்கவில்லை.

மெஷின் தப்புச் செய்யாது என்று உங்கள் மேனேஜர் சொன்னார். செய்யும். அமெரிக்காவில் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2018-ல் பெரிய நிறுவனங்களின் முகம் பார்க்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதிலேயே, வெளுத்த நிறத்து ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த நிறத்துப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. உங்கள் மெஷின் செய்வது வேறு வேலை, அதற்கும் இந்த எண் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. யாருடைய முகத்தை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். காலை ஆறே முக்கால் மணிக்கு, வீங்கின முகத்தோடு, திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்ட தலையோடு, காய்ச்சலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் உங்கள் பின் கேட்டில் நிற்பவர்கள்.

நெட் போனாலும் இதே கதி. பெங்களூரில் மழை வந்தால் மரத்தில் தொங்கும் ஃபைபர் கேபிள் அறுந்து விழுவது உங்களுக்கும் தெரியும். மே மாதம் அப்படி ஒரு சாயங்காலம், வெளியே போவதையும் மெஷின் பதிய வேண்டும் என்பதால், வேலை முடிந்த பெண்கள் இருபத்தைந்து பேரைக் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்தி வைத்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஓட வேண்டிய ஒருத்தி அதில் இருந்தாள். காகிதத்தில் பெயரை எழுதிக்கொண்டு விடச் சொல்லி அவர்களே கெஞ்சியும், நாற்பது நிமிடம் ஆனது.

ஊர் முழுக்கக் கேமரா இருக்கும்போது எங்களை மட்டும் ஏன் கேட்கிறாய் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஆமாம், இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2017-ல் பெங்களூரும் சேர்ந்தது. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் வந்த சேஃப் சிட்டி திட்டத்தில் தெருத் தெருவாக ஆயிரக்கணக்கான கேமராக்கள் வந்தன. அவற்றின் மேலும் எனக்குக் கேள்வி உண்டு. ஆனால் அரசைக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. டெல்லி போலீஸ் முகம் பார்க்கும் மென்பொருளில் 80 சதவீதம் ஒத்துப்போனாலே ஆள் சரி என்று எடுத்துக்கொள்கிறது என்பது 2022-ல் வெளியே வந்தது. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதால் வந்தது. அந்தச் சட்டம் உங்கள் சங்கத்துக்குப் பொருந்தாது. பத்து ரூபாய் கட்டி உங்களிடம் நான் ஒன்றும் கேட்க முடியாது. கடிதம்தான் எழுத முடியும், அதற்கும் பதில் இல்லை. அரசின் கேமராவைவிட உங்கள் மெஷின் எங்களுக்குப் பெரிய பயமாக இருப்பது இதனால்தான்.

உங்களில் பலர் அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள். இதே ஊர் விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 1-ல் டிஜியாத்ரா வந்தது. முகத்தைக் காட்டி உள்ளே போகலாம். வேண்டாம் என்றால் பக்கத்து வரிசையில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டிப் போகலாம், யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். விவரம் பயணியின் போனில்தான் இருக்கும், விமான நிலையத்துக்குக் கொடுத்தது விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தனிப் பேச்சு. பக்கத்து வரிசை என்று ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். உங்கள் முன் கேட்டிலும் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குக் காரில் ஒட்டிய ஸ்டிக்கர் போதும். விருந்தாளிக்குப் போனில் வரும் எண் போதும். முகத்தைக் கொடுத்தே ஆக வேண்டியவர்கள் பின் கேட்டில் வருகிறவர்கள் மட்டும்.

எல்லோரும் சம்மதித்துத்தான் நின்றார்கள் என்று சொல்வீர்கள். ஸ்வீடனில் ஷெலஃப்டியோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் 22 மாணவர்களின் வருகையை முகம் பார்க்கும் கேமராவில் பதிந்து பார்த்தது. பெற்றோர் சம்மதத்தோடுதான் செய்தார்கள். 2019-ல் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அமைப்பு இரண்டு லட்சம் குரோனர் அபராதம் போட்டது. பள்ளியை நம்பியிருக்கும் மாணவர் பள்ளிக்குக் கொடுக்கும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உங்கள் கேட்டில் மாத வாடகையும் குழந்தைகளின் ஃபீஸும் அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. 'நேரா பார்' என்றால் யார் மாட்டேன் என்பார்கள்?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவர் நம் ஊர்க்காரர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-ல் மனுப் போட்டபோது அவருக்கு 86 வயது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்பதை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ, சம்பந்தப்பட்டவர் விரும்பும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கன்னடமும் தமிழும் அதில் உண்டு. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அழிக்கச் சொல்லலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் உறுதி செய்யப்பட வேண்டும்.

வேலை கொடுப்பவருக்கு அந்தச் சட்டத்தில் சில விலக்கு இருக்கிறது என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்னால் பெண்களுக்கு வளாகத்தில் ஒரு கழிப்பறை கேட்டபோது, "இவர்கள் சங்கத்தின் ஊழியர்கள் இல்லை, தனித்தனி வீட்டுக்காரர்கள் வைத்திருப்பவர்கள், சங்கத்துக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் காகிதத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. கழிப்பறை இன்னும் வரவில்லை.

கடையில் தினமும் பார்க்கிறேன். பாஸ்வேர்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று வருவார்கள், மாற்றிக் கொடுத்துவிடலாம். ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் புதுக் கார்டு வரும். முகம் போனால்? 2019 ஆகஸ்டில், பல நாடுகளின் கட்டட வாசல்களில் ஓடிக்கொண்டிருந்த பயோஸ்டார் 2 என்ற மென்பொருளின் தகவல் கிடங்கு பூட்டில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைரேகைகளும், முகப் பதிவுகளும் அதில் இருந்ததாகச் சொன்னார்கள். பாத்திரம் விளக்கி விளக்கி அம்மாவின் விரல் ரேகை ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் விரலைத் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைத்துப் பார்க்கிறார். மிச்சம் இருப்பது முகம்.

நான் கேட்பவை இவை.

1-ம் தேதி சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். முகம் வேண்டாம் என்கிறவர்கள் அட்டையைக் காட்டி வரலாம் என்று எழுதி அறிவியுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாருடைய வேலைக்கும் குந்தகம் வராது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மெஷின் ஒத்துக்கொள்ளாதபோதும், நெட் இல்லாதபோதும், அட்டையைப் பார்த்து உடனே விட செக்யூரிட்டித் தம்பிகளுக்கு அதிகாரம் கொடுங்கள். அதற்காக அவர்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

எடுத்த முகப் பதிவு எந்த நிறுவனத்திடம், எங்கே இருக்கிறது, யாரெல்லாம் பார்க்கிறார்கள், வேறு எந்தக் குடியிருப்புக்குப் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் ஐந்திலும் பின் கேட்டில் ஒட்டுங்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு ஒருவர் நின்று வாசித்துச் சொல்லட்டும்.

என் சித்தி மகளின் முகத்தை இந்த வாரமே அழியுங்கள். வேறு குழந்தைகளுடையது இருந்தால் அதையும். வேலையை விட்டுப் போனவர்களுடையதையும், அழிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களுடையதையும் அழித்து, அழித்தாயிற்று என்று கையெழுத்திட்ட காகிதம் கொடுங்கள். அம்மா கேட்கிறார், இந்தக் கடிதத்தையே அவருடைய விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பில் எல்லோருக்கும் தெரியும் போன் நம்பர்களை மறையுங்கள். வேலைக்கு வைத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். வந்த நேரம், போன நேரத்தை மற்ற வீட்டுக்காரர்கள் பார்க்க ஒரு தேவையும் இல்லை, அதையும் எடுங்கள்.

இதையெல்லாம் முடிவு செய்யும் பொதுக்குழுக் கூட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களில் குறைந்தது மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வைத்தால் அவர்களால் வர முடியும், காலையில் முடியாது.

17-ம் தேதிக்குப் பிடித்த 150 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி அந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆப்பில் அன்றைக்கு இருக்கும் 'தாமதம்' என்பதைத் திருத்தி, அம்மா கேட்டுக்கு வந்த நேரம் 6:50 என்று போடுங்கள். கேட் கேமராவில் அது பதிவாகியிருக்கும்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். அம்மாவிடம் கொடுத்து அனுப்பினால் என்னிடம் வந்து சேரும். 1-ம் தேதிக்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் மூன்று வீடுகளில் வேலை செய்பவரின் மகள்,
ஈஜிபுரா, பெங்களூரு